பத்தொன்பதாம் தேதிப் பெயர்

வாங்க சார். செருப்பு அங்கனயே கெடக்கட்டும், உள்ள வாங்க. ஹெச்.எம். ஃபாதர் மத்தியானமே போன் போட்டுச் சொல்லிட்டாவ. "கணக்கு வாத்தியார் ஒருத்தர அனுப்புதேன், புஸ்தகத்த அவர்ட்ட குடுத்து விடுங்க"ன்னாவ. குடுக்கேன். குடுக்க மாட்டேன்னா சொல்லப் போறேன்? பள்ளிக்கூடத்துச் சொத்துல்லா அது. ஆனா குடுக்கதுக்கு முன்னால நான் சொல்லுதத ஒரு பத்து நிமிஷம் நீங்க கேட்டுட்டுப் போகணும். ஏளா, சார் வந்திருக்காவ, காப்பி போடு. எனக்குச் சீனி வேண்டாம்.

நீங்க இந்த ஜூன்லதான சேந்திய? அப்ப என்னத் தெரியாது. நான் இஞ்ஞாசி. கிளார்க் இஞ்ஞாசின்னா அந்த வட்டாரத்துல தெரியாத ஆளு கெடையாது. முப்பத்திரெண்டு வருஷ சர்வீஸ். நான் போட்ட தாள ஒரு டி.இ.ஓ. ஆபீஸ்லயும் திருப்பி அனுப்பினது கெடையாது. பின் குத்துறதுல இருந்து எனக்கு ஒரு முறை உண்டு. இடது மூலையில, சாய்வா, முனை உள்ள மறைஞ்சிருக்கணும். இப்ப ஸ்டேப்ளர்ல அடிச்சுத் தள்ளுதான், கையக் கிழிச்சுட்டு நிக்கான். சரி, அத விடுங்க.

இதான் புஸ்தகம். கனம் பாத்தியளா? மரிச்சோர் புஸ்தகம்னு பேரு. காலைல அசெம்பிளியில வாசிக்கதக் கேட்டிருப்பிய. அன்னைக்குத் தேதியில நம்ம பள்ளிக்கூடத்துல வேல பாத்து மரிச்சவங்க யாராவது இருந்தா பேர வாசிப்பாவ. வாசிச்சதும் ஆயிரத்து இருநூறு பிள்ளைகளும் ஒரு பரலோக மந்திரம், ஒரு மங்கள வார்த்தை சொல்லும். வேதக்காரப் பிள்ளைய, இந்துப் பிள்ளைய, பாய் வீட்டுப் பிள்ளைய எல்லாம் சேந்துதான். பிரெஞ்சு சாமிமாரு ஆரம்பிச்சு வச்ச வழக்கம், நூத்தி முப்பது வருஷம் ஆச்சு. மொதப் பக்கத்துல மூணாவது பேரு யாருன்னு நெனைக்கிய? தோட்டக்காரன் சவரியான். சாமியாரும் தோட்டக்காரனும் ஒரே மையில, ஒரே அளவு எழுத்துல. அதுக்குத்தான் இந்தப் புஸ்தகத்து மேல எனக்கு அவ்வளவு மரியாத.

மே மாசம் மரிச்சவங்களுக்கு மட்டும் கஷ்டம். லீவுல்லா? ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்க அன்னைக்கு மொத்தமா வாசிச்சிருவாவ. "டேய், எப்ப வேணும்னாலும் சாகு, மே மாசம் மட்டும் சாகாத, கூட்டத்தோட கூட்டமாப் போயிருவ"ன்னு ஆபீஸ்ல சொல்லிச் சிரிப்போம். சிரிச்ச ஆளுக முக்காவாசி இப்ப இதுக்குள்ளதான் இருக்காவ.

புஸ்தகத்துக்கு ரெண்டே ரெண்டு சட்டம். ஒண்ணு, வேலையில இருக்கும்போது மரிச்சவங்க, ரிட்டயர் ஆகி மரிச்சவங்க, இவங்க பேருதான் ஏறும். பாதியில ராஜினாமா செஞ்சுட்டுப் போனவன் பேரு ஏறாது. ரெண்டாவது, ஏறின பேரு எறங்காது. பொரட்டிப் பாருங்க. ஒரு அடித்தல், ஒரு திருத்தல் காட்டுங்க பாப்போம். கெடையாது. நான் ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆச்சு, ஆனாலும் எழுத்து மாறிரப்படாதுன்னு புஸ்தகம் எங்கிட்டயே இருக்கு. மாசம் பொறந்தா அந்த மாசத்துப் பேரையெல்லாம் ஒரு தாள்ல எழுதி ஆபீஸுக்கு அனுப்பிருவேன்.

இப்ப ஃபாதர் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறாவளாம். ஏத்தட்டும். ஏத்தும்போது தேதியெல்லாம் சரி பாக்கணும்னு சொன்னாவ. எந்தத் தேதியச் சொல்லுதாவன்னு எனக்குத் தெரியாதா சார்? ஆகஸ்டு பத்தொம்பது. நாளைக்கு.

இந்தா, இந்தப் பக்கம். படிங்க. வியாகுலம், லத்தீன் ஆசிரியர். பாத்தியளா, எழுத்து எப்பிடி இருக்கு? இந்தப் புஸ்தகத்துல நான் எழுதினதுலயே நல்லா எழுதினது இந்தப் பேருதான். இந்தத் தேதியத்தான் மாத்தணுங்காவ. மாத்தப்படாது சார். அதத்தான் நான் சொல்ல வந்தது. நீங்க போயி ஃபாதர்ட்ட எடுத்துச் சொல்லணும்.

நம்ம பள்ளிக்கூடத்துல லத்தீன் சொல்லிக் குடுத்தாவன்னா நீங்க நம்புவியளா? பதினாலு வருஷத்துக்கு முன்னால வரைக்கும் உண்டு. சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்குப் போறேன்னு சொன்ன பிள்ளைய படிக்கும். தமிழுக்குப் பயந்த பிள்ளைய கொஞ்சம் வந்து சேரும். எல்லாத்துக்கும் ஒரே வாத்தியார், வியாகுலம் மாஸ்டர். ஒல்லியா, உயரமா, சட்டைக் காலர்ல எப்பவும் சாக்பீஸ் தூளு. பிரம்பத் தொட்டது கெடையாது. பாட்டுக் குழுவும் அவருதான். ஆர்மோனியத்துக்கு முன்னால உக்காந்தா கண்ண மூடிக்கிடுவாரு, பாட்டு முடிஞ்ச பெறவும் கொஞ்ச நேரம் தொறக்க மாட்டாரு.

நானும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேந்தவங்க. அவரு வாத்தியார், நான் கிளார்க்கு, ஆனாலும் மத்தியானச் சாப்பாடு எம் மேசையிலதான். பன்னெண்டு மணிக்கு மூவேளை மணி அடிக்கும், எந்திச்சு நின்னு ஜெபம் சொல்லுவோம், அப்பிடியே தூக்குவாளியத் தொறப்போம். எங்க வீட்டு நார்த்தங்கா ஊறுகா அவருக்கு, அவிய வீட்டு மொச்சக் கொழம்பு எனக்கு. இருவத்தாறு வருஷம் சார். பெஞ்சாதிகூடக்கூட நான் அத்தன வேள ஒண்ணா உக்காந்து சாப்புட்டது கெடையாது. புஸ்தகத்துல ஒரு பேரு எழுதணும்னா லத்தீன்ல ஒரு வரி வரும்லா, அத அவருதான் சொல்லுவாரு, நான் எழுதுவேன். எழுதி முடிச்சதும் எட்டிப் பாத்துட்டு, "நீரு எழுதினா சரியாத்தான்வே இருக்கும்"பாரு. அவருக்கு எங்கிட்டச் சொல்லுததுக்கு அந்த ஒரு வார்த்ததான்.

பெறவு லத்தீனுக்குப் பிள்ளைய கொறைஞ்சு போச்சு. கடைசி வருஷம் நாலே நாலு. இன்ஸ்பெக்‌ஷன்ல உபரின்னு எழுதிட்டுப் போயிட்டான். உபரின்னா தெரியும்லா? இங்க ஆளு தேவையில்ல, வேற ஊருக்குத் தூக்கிருவான். ஓசூருப் பக்கம் போகணும்னு பேச்சு. மாஸ்டர் தவிச்சுப் போயிட்டாரு. ஓசூர்ல போயி என்னத்தச் சொல்லிக் குடுக்க? அப்ப கஸ்பார் ஃபாதர் தலைமை ஆசிரியர். என்னக் கூப்பிட்டு, "இஞ்ஞாசி, அவர ராஜினாமா குடுக்கச் சொல்லும். நிர்வாகத்துலயே பாட்டு வாத்தியார், லைப்ரரின்னு போட்டு நான் வச்சுக்கிடுதேன்"ன்னாவ. நானே ஒக்காந்து கடுதாசி எழுதினேன். 'என் சொந்த விருப்பத்தின் பேரில்'னு ஆரம்பிச்சு, பத்தே வரி, முத்து முத்தா. மாஸ்டர் வாசிக்கக்கூட இல்ல. "நீரு எழுதினா சரியாத்தான்வே இருக்கும்"னு கையெழுத்துப் போட்டாரு.

நாப்பதாவது நாளு கஸ்பார் ஃபாதருக்கு மாத்தல் வந்துட்டு. அடுத்து வந்த எட்மண்ட் ஃபாதர், "பேப்பர் இருக்கா?"ன்னாவ. பேப்பர் எங்க இருக்கு, எல்லாம் வாய்ப் பேச்சுல்லா. மாஸ்டருக்கு வேல இல்லன்னு ஆயிட்டு.

விருப்ப ஓய்வுன்னு எழுதியிருக்கலாமே, பென்ஷனாவது வந்திருக்குமேன்னு கேப்பிய. கேக்கலியா? எல்லாரும் கேப்பாவ. அதுக்கு மூணு மாசம் நோட்டீஸ் குடுக்கணும் சார். அதுக்குள்ள ஓசூர் ஆர்டர் வந்திரும்னு ஃபாதர் அவசரப்பட்டாவ. ராஜினாமான்னா ஒரு தாளோட முடிஞ்சிரும். நல்லதுக்குத்தான் எழுதினேன். அத விடுங்க. அதுக்கும் இந்தக் கதைக்கும் ஒண்ணும் இல்ல.

அதுக்குப் பெறவு மாஸ்டர் ஆபீஸ் படி ஏறல. வீடு எங்க? விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால, சுவரு ஒட்டுன முடுக்குல. கூப்பிடு தூரம். ஆனா வரல. அதுதான் எனக்கு மனத்தாங்கல். பன்னெண்டு மணிக்கு நான் தனியாத் தூக்குவாளியத் தொறந்து வச்சுட்டு வாசலப் பாத்துட்டு இருப்பேன். இருவத்தாறு வருஷம் சாப்புட்ட மேசைக்கு ஒருத்தன் ஒரு நாளு வரப்படாதா? நான் என்ன பாவம் செஞ்சேன்? ஒரே ஒரு தடவை, கோயில்ல பூச முடிஞ்சு வெளிய வரும்போது, பக்கத்துல வந்து நின்னாரு. "வே இஞ்ஞாசி, என் பேரு இனிமே அந்தப் புஸ்தகத்துல ஏறாதுல்லா?"ன்னாரு. சிரிச்சுட்டுத்தான் கேட்டாரு. கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்காமப் போயிட்டாரு.

அந்தக் கேள்வி எனக்குள்ள கெடந்து அறுத்துட்டு இருந்துது. ராத்திரி தூக்கத்துல எந்திச்சு ஒக்காந்திருவேன். இவகிட்ட கேட்டுப் பாருங்க.

மூணு வருஷம் கழிச்சு அவருக்குச் சுகமில்லாமப் போச்சு. வயித்துல என்னமோ. பெரியாஸ்பத்திரியில ஒரு மாசம் வச்சிருந்துட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாவ. நம்ம பக்கம் அப்பிடிச் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. முடிஞ்சுதுன்னுதான அர்த்தம்?

போயிப் பாத்தேனான்னு கேக்கியளா? போகல. போகணும்னுதான் நெனச்சேன். முடுக்கு வரைக்கும் ரெண்டு மட்டம் போயிட்டுத் திரும்பிட்டேன். வெறுங்கையோட எப்பிடிப் போக? அந்த மனுஷன் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் கொண்டு போகணும்லா?

அப்பத்தான் எனக்கு அந்த யோசன வந்துது. இத நான் ஒருத்தர்ட்டயும் சொன்னது கெடையாது சார். எல்லாரும் தப்பு நடந்து போச்சுன்னுதான் நெனச்சுட்டு இருக்காவ. மரிச்சுட்டாருன்னு தப்பாச் சேதி வந்துது, கிளார்க்கு அவசரப்பட்டு எழுதிட்டான்னு. நானும் அப்பிடியேதான் சொல்லி வச்சிருக்கேன். தப்பு இல்ல. தெரிஞ்சுதான் எழுதினேன்.

எட்மண்ட் ஃபாதர் கண்டிப்பான ஆளு. மாஸ்டர் மரிச்ச பெறவு போயி, பேர எழுதட்டுமான்னு கேட்டா, ராஜினாமா செஞ்சவன் பேரு ஏறாதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாவ. அந்த ஆகஸ்டு மாசம் அவிய வருஷத் தியானத்துக்குப் போனாவ. எட்டு நாளு, போனும் கெடையாது. பொறுப்பு உதவித் தலைமை ஆசிரியர் சந்தியாகு சார்ட்ட. அவரு நான் நீட்டுன எடத்துல கையெழுத்துப் போடுத ஆளு. இந்த எட்டு நாளுக்குள்ள பேரு ஏறிட்டா ஏறினதுதான். ஏறின பேரு எறங்காதுல்லா? அது சட்டம்லா? தியானத்துல இருந்து ஃபாதர் இல்ல, பிஷப்பு மேற்றிராணியாரே வந்தாலும் அடிக்க முடியாது. ஒரு கிளார்க்கு மூளைன்னா என்னன்னு நெனச்சிய?

அதுக்கு மேல இன்னொண்ணும் இருக்கு. செத்த பெறவு வாசிச்சா அந்த மனுஷனுக்குக் கேக்குமா? இப்பவே வாசிச்சா கேக்கும்லா? அவரு வீடு சுவருக்கு அந்தப் பக்கம். தன் பேரத் தானே கேட்டுட்டுக் கண்ண மூடுத பாக்கியம் உலகத்துல எந்த வாத்தியாருக்குக் கெடைச்சிருக்கு?

பதினெட்டாம் தேதி சாயங்காலம் எல்லாரும் போன பெறவு எழுதினேன். லத்தீன் வரி சொல்லுததுக்கு ஆளு இல்ல. முந்தின பக்கத்தப் பாத்து எழுதினேன். கண்ணு மறைச்சுது, தொடச்சுட்டு தொடச்சுட்டு எழுதினேன். மறுநாளு காலைல அட்டெண்டர் பிரகாசத்தக் கூப்பிட்டு, "டேய், மைதானத்து மேல இருக்க அந்த ஸ்பீக்கர் கொழாய முடுக்குப் பக்கம் திருப்பி வை"ன்னேன். ஏன் எதுக்குன்னு கேக்காம ஏறித் திருப்பினான்.

சந்தியாகு சார் தாளப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. மொகம் செத்துப் போச்சு, அவருக்குத் தெரியாதுல்லா. மைக்கப் பிடிச்சு வாசிச்சாரு. "நம் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் லத்தீன் கற்பித்த ஆசிரியர் வியாகுலம்." அவர்ட்ட படிச்ச பத்துப் பன்னெண்டு பேரு இங்கயே வாத்தியாரா இருக்காவள்லா, அவிய எல்லாம் நின்ன எடத்துலயே அழுதாவ. ஆயிரத்து இருநூறு பிள்ளைகளும் சேந்து பரலோக மந்திரம் சொல்லிச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுது. குடுத்துட்டேன் மாஸ்டர், கேட்ட கேள்விக்குப் பதில் குடுத்துட்டேன்னு மனசுக்குள்ள சொன்னேன்.

ஒண்ணு மட்டும் நான் யோசிக்கல. ஸ்டாஃப் கிளப்காரங்க மொத பீரியடுலயே ரோசாப்பூ மாலை வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாவ. அந்த அம்மாதான் கதவத் தொறந்திருக்காவ. போனவங்க மூச்சுக் காட்டாமத் திரும்பிட்டாவ. அந்த மாலையக் கொண்டுவந்து எம் மேசையில போட்டாவ. நாங்க சோறு திங்க மேசையில. எல்லாரும் என்ன ஏசினாவ. "விசாரிக்காமலா எழுதினீரு?"ன்னாவ. ஏசட்டும்னு இருந்தேன். விசயம் தெரிஞ்சா ஏசுவாவளா?

இருவத்திமூணாந் தேதி மாஸ்டர் மரிச்சுட்டாரு. எட்மண்ட் ஃபாதர் தியானம் முடிஞ்சு வந்து, தப்பாச் சேதி வந்துட்டுன்னு நான் சொன்னதக் கேட்டு, தலையில அடிச்சுக்கிட்டாவ. ஆனா பேரு ஏறிட்டு. எறக்க முடியல. நான் நெனச்ச மாதிரியே.

அடக்கத்தன்னைக்கு நான் பெட்டியத் தூக்கக் குனிஞ்சேன் சார். அமலோற்பவத்தம்மா, மாஸ்டர் சம்சாரம், எங் கையத் தட்டி விட்டாவ. "நீங்க தொடாதீய"ன்னாவ. அத்தன பேரு முன்னால. புருஷன் போன துக்கம், யாரு மேல காட்டணும்னு தெரியாமக் காட்டுதாவன்னு ஒதுங்கிட்டேன். ஆனா வலிக்காதா? இருவத்தாறு வருஷம் அவிய வச்ச கொழம்பத் தின்னவன் நான்.

ஆனா பாருங்க, அவியளுக்கும் உள்ளுக்குள்ள தெரியும் சார். பதினோரு வருஷமா, ஆகஸ்டு பத்தொம்பது காலைல, சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிப்பாவ. ஒரு வருஷம் தவறினது இல்ல. மழைன்னாலும் நிப்பாவ. ரிட்டயர் ஆன பெறவும் அந்த ஒரு நாளு நான்தான் போயிப் பேர வாசிக்கேன். மேடையில இருந்து பாத்தா சுவருக்கு மேல அவிய தல தெரியும். நான் வாசிக்க ஆரம்பிச்சதும் சேலத் தலப்ப எடுத்து முக்காடு போடுவாவ. கோயில்ல சாமியாரு அப்பத்த ஒசத்துத எழுந்தேற்றத்துக்குப் போடுவாவள்லா, அது மாதிரி. ரெண்டு கையாலயும் ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சுட்டு, தலயக் குனிஞ்சு, அவ்வளவு பத்தியா நிப்பாவ. அதப் பாக்கும்போது எனக்கு எல்லா மனத்தாங்கலும் போயிரும். எங்கிட்டப் பேசலைன்னா என்ன, வந்து நின்னு கேக்காவள்லா? அதுனாலதான் சொல்லுதேன், இந்தத் தேதிய மாத்தப்படாது. அந்த அம்மா நாளைக்கு வந்து நிப்பாவ. பேரு வரலைன்னா என்ன பாடுபடுவாவ?

என்ன சார், காப்பி ஆறுது, குடிக்கல?

சொல்லுங்க. நீங்க ஏன் மொகத்த அப்பிடி வச்சிருக்கிய?

அமலோற்பவத்தம்மா வீட்டு மாடியிலயா? நீங்க அங்கயா குடியிருக்கிய? நல்ல வீடு, காத்து வரும். எனக்குத் தெரியாமப் போச்சே. அப்ப நீங்களே பாத்திருப்பிய. நான் சொன்னது...

யாரு கேட்டா? தேதிய மாத்தணும்னு அந்த அம்மாவே வந்து ஃபாதர்ட்ட கேட்டாவளா?

இல்ல சார். நீங்க தப்பா வெளங்கியிருப்பிய. அவிய எதுக்குக் கேக்கப் போறாவ? ஒவ்வொரு வருஷமும் வந்து நிக்காவளே. நான் கண்ணால பாக்கேனே.

இந்த வருஷமாவது வாசிக்காம விடுவாவளான்னு பாக்கவா?

அப்ப அந்த முக்காடு...

காதையா பொத்துனாவ.

ஏளா. இங்க வா. சார் என்ன சொல்லுதாவன்னு கேட்டியா? ஒனக்குத் தெரியுமா இது? நீயும் அந்த அம்மாவும் ஒரே அன்பியத்துல, ஒரே தெரு ஜெபக் கூட்டத்துலதான இருக்கிய? பதினோரு வருஷமா? ஏன் தலயக் குனியுத? வாயத் தொறந்து சொல்லு. சரி, போ. வேண்டாம், நில்லு. இங்கயே நில்லு.

சொல்லுங்க சார், அன்னைக்கு என்ன நடந்துதாம்? எல்லாத்தையும் சொல்லுங்க. கொறச்சுச் சொல்லாண்டாம்.

எந்திச்சு உக்காந்திருந்தாரா? நாற்காலியிலயா? பெரியாஸ்பத்திரியில கைய விரிச்சாவன்னாவளே. மருந்து கேக்க ஆரம்பிச்சிருந்துதா? எனக்கு யாரும் சொல்லலையே. நான் போயிப் பாத்திருந்தா... ரெண்டு இட்லியா? அவரு கையாலயே பிச்சுத் தின்னாரா? அந்த அம்மாவுக்கு எவ்வளவு சந்தோசமா இருந்திருக்கும்.

அப்பதான் கொழாயில பேரு வந்துது.

கேட்டுட்டு என்ன சொன்னாரு? அழுதாரா? சந்தோசத்துல அழுதிருப்பாருன்னு நான்... அழல. பெறவு?

"ஏளா அமலி, நான் எப்பப் போனேன்?"னு கேட்டாரா.

கடவுளே.

பெறவு மாலையோட இவங்க வந்து நின்னுருக்காவ. அதையும் பாத்துட்டாரு. அதுக்குப் பெறவு ஒரு வாய் கஞ்சி குடிக்கலையா? நாலு நாளுமா? அந்த அம்மா கெஞ்சலையா? ஏதோ தப்பு நடந்திருக்கு, யாரோ தெரியாம எழுதிட்டாவன்னு சொல்லலையா? சொன்னாவளா. சொன்னதுக்கு அவரு என்ன சொன்னாரு?

திருப்பிச் சொல்லுங்க சார். எனக்குச் சரியா விழல. விழுந்துது, ஆனாலும் இன்னொரு மட்டம் சொல்லுங்க.

"இஞ்ஞாசி எழுதியிருக்காருல்லா. அவரு எழுதினா சரியாத்தான் இருக்கும்."

இருங்க. ஒரு நிமிஷம் இருங்க சார். இல்ல, தண்ணி வேண்டாம்.

ரெண்டு தாள் எழுதினேன் நான் அவருக்கு. மொதத் தாள வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாரு. ரெண்டாவது தாள வாசிச்சதக் கேட்டுட்டு செத்துப் போயிட்டாரு. விருப்ப ஓய்வுன்னு நான் எழுதியிருந்தா, மூணு மாசம் ஃபாதரக் காத்திருக்கச் சொல்லியிருந்தா, இந்த ரெண்டாவது தாளுக்கு வேலையே இல்ல. எனக்குத் தெரியும் சார். அன்னைக்கே தெரியும். ராஜினாமான்னா என்னன்னு தெரியாத கிளார்க்கா நான்? ஃபாதர்ட்ட எதுத்துச் சொல்லத் தைரியம் இல்லாம எழுதினேன். பதினாலு வருஷமா நல்லதுக்குத்தான்னு சொல்லிக்கிட்டு அலையுதேன்.

ஏளா, அந்த மேசை டிராயர்ல ஸ்கேல் கெடக்கும், மரஸ்கேல். செவப்பு மை பேனாவையும் எடு.

தடுக்காதீய சார். சட்டம் எனக்குத் தெரியும். நூத்தி முப்பது வருஷத்துல மொத அடித்தல், அதுவும் நான் எழுதின பேருதான், நானே அடிக்கேன். நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிடுங்க. அடிச்சுட்டு இருவத்திமூணுல எழுதுவோம். உண்மையாவே போன தேதியில. அங்க எடம் இருக்கு பாருங்க, ஒரு வரிக்கு எடம் இருக்கு. வாசிக்க நான் வரல. நீங்க வாசிங்க. கொழாய வேற பக்கம் திருப்பச் சொல்லுங்க. அந்த அம்மாவுக்கு வேணும்னா அவியளே வந்து நின்னு கேக்கட்டும்.

ஸ்கேல நீங்க பிடிச்சுக்கிடுங்க சார். இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அப்பிடியே பிடிங்க, அசைக்காண்டாம்.

வீட்டுக்குப் போனதும் மாடி ஏறுததுக்கு முன்னால அந்த அம்மாட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. எம் பேரச் சொல்லாண்டாம். நாளைக்குக் காதப் பொத்தாண்டாம்னு மட்டும் சொல்லுங்க.